சிங்கர் டெய்லர் தேவை

திருப்பூர் பழைய பஸ் ஸ்டாண்டிலிருந்து எந்தத் திசையில் நடந்தாலும் அந்தக் காகிதம் கண்ணில் படும். மின்கம்பத்தில் ஒட்டியிருப்பார்கள், டீக்கடைத் தூணில் ஒட்டியிருப்பார்கள், பனியன் கம்பெனி கேட்டில் அட்டையாகக் கட்டித் தொங்கவிட்டிருப்பார்கள். 'ஓவர்லாக், பேட்லாக், சிங்கர் டெய்லர் தேவை. தங்கும் இட வசதி உண்டு.' கீழே ஒரு செல் நம்பர். வெளியூர்க்காரர் படித்தால் சிங்கர் என்று ஏதோ கம்பெனி ஆள் எடுக்கிறது என்றுதான் நினைப்பார். உள்ளே போய்ப் பார்த்தால் வரிசையாக ஜூக்கி, பிரதர், ஜாக். ஜப்பான்காரன் மெஷினும் சீனாக்காரன் மெஷினும்தான். பேருக்கு ஒரு சிங்கர் இருக்காது.

இங்கே 'பேட்லாக்' என்றால் பிளாட்லாக். 'சிங்கர்' என்றால் ஒற்றை ஊசியில் மேல்நூலும் அடியில் பாபின் நூலும் ஒன்றையொன்று கவ்விக்கொண்டு போகும் நேர்த்தையல் மெஷின். எந்த நாட்டில் செய்ததாக இருந்தாலும் அது சிங்கர்தான். நகல் எடுப்பதை ஜெராக்ஸ் என்கிறோமே, அதுபோல என்று சொல்லலாம். ஆனால் நகல் எடுப்பவரை யாரும் ஜெராக்ஸ் என்று கூப்பிடுவதில்லை. இங்கே பெயர் மெஷினைத் தாண்டி ஆள்மேல் ஏறிவிட்டது. "என்ன வேலைங்க பாக்கறீங்க?" என்று கேட்டால், "சிங்கருங்க" என்று பதில் வரும்.

இந்தப் பெயருக்கு உரிய ஐசக் மெரிட் சிங்கர் ஓர் அமெரிக்க நாடக நடிகர். மெஷின் கிறுக்கும் உண்டு. பாஸ்டன் பட்டறை ஒன்றில் வேறு ஒருவரின் தையல் மெஷின் பழுதுக்கு வந்து கிடந்ததைப் பார்த்து, இதை இப்படிச் செய்யக்கூடாது என்று தன் வழியில் மாற்றிச் செய்தார். 1851 ஆகஸ்ட் 12-ல் காப்புரிமை கிடைத்தது. அந்த முதல் மெஷின் பட்டறைக்கென்று செய்த கனத்த இரும்பு. அனுப்பி வைக்கும் மரப்பெட்டியே அதற்கு மேஜையாகவும் ஆனது. வீட்டுக்கென்று சின்னதாக ஒன்றை அந்தக் கம்பெனி செய்ததே ஐந்து வருஷம் கழித்துத்தான். பெரிய மெஷின் வீட்டு மெஷினின் வளர்ந்த வடிவம் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். பிறந்த வரிசை நேர்மாறு. கம்பெனி மெஷின்தான் மூத்தது, வீட்டு மெஷின் அதன் தங்கை.

காந்தி இந்தக் கதையை வேறு மாதிரி சொல்லியிருக்கிறார். 1924-ல் டெல்லியில் அவரைச் சந்தித்த ராமச்சந்திரன் என்ற இளைஞர், நீங்கள் எல்லா இயந்திரத்துக்கும் எதிரியா என்று கேட்டார். சிங்கர் தையல் மெஷினுக்கு விலக்கு உண்டு என்றார் காந்தி. மனைவி கையால் தைத்துத் தைத்துச் சோர்வதைக் கண்டு பொறுக்காமல் அன்பினால் சிங்கர் செய்தது அது என்பது காந்தியின் விளக்கம். அழகான கதைதான். உண்மைச் சிங்கருக்கு ஒரே நேரத்தில் பல குடும்பங்கள், இருபதுக்கு மேற்பட்ட பிள்ளைகள். அன்பு எந்த மனைவியின் மேல் என்று காந்தியிடம் கேட்க அன்று ஆளில்லை. கேள்வி கேட்ட ராமச்சந்திரன்தான் பின்னாளில் சௌந்தரம் அம்மையாருடன் சேர்ந்து திண்டுக்கல் பக்கம் காந்திகிராமத்தை நிறுவினார். காந்தி கொடுத்த விலக்கு கொங்கு நாட்டுக்குத் தேவையாகவும் இருந்தது. திருப்பூர் அப்போது கதர்ச் சந்தை. திருச்செங்கோடு பக்கம் புதுப்பாளையத்தில் 1925-ல் ராஜாஜி காந்தி ஆசிரமம் தொடங்கினார். கையால் நூற்று, கையால் நெய்த துணி கடைசியில் ஜிப்பாவாக வேண்டுமே. அதற்குத் தையற்காரர் உட்கார்ந்தது மெஷின் முன்னால்தான்.

அந்த மெஷின்கள் நம் ஊருக்கு வந்தது பெரும்பாலும் ஸ்காட்லாந்திலிருந்து. கிளாஸ்கோவை ஒட்டிய கிளைட்பேங்க் என்ற ஊரில் கில்போவி என்ற இடத்தில் சிங்கர் ஆலை 1885-ல் ஓடத் தொடங்கியது. 1913-ல் வருஷத்துக்குப் பத்து லட்சத்துக்கு மேல் மெஷின் செய்தார்கள். ஆலைக்கென்றே ஒரு ரயில் நிலையம், அதற்குப் பெயரும் சிங்கர். பழைய மெஷின்களில் 15கே, 28கே, 31கே என்று எண்ணுக்குப் பின்னால் ஒட்டிவரும் 'கே' கில்போவியின் முதல் எழுத்து. 1911-ல் அந்த ஆலையில் மெஷின் பெட்டிக்கு மெருகு போடும் பெண்கள் பன்னிரண்டு பேர், வேலையைக் கூட்டிக் கூலியைக் குறைத்ததற்காக வெளியே வந்தார்கள். பின்னாலேயே பதினோராயிரம் பேர் வெளியே வந்துவிட்டார்கள். திருப்பூரில் 1984-ல் பஞ்சப்படிக்காக 127 நாள் வேலைநிறுத்தம் நடந்தபோது தெருவில் நின்றவர்களுக்கு இது தெரிந்திருக்க நியாயமில்லை. மெஷின் எங்கே போனாலும் இந்தச் சண்டையும் கூடவே போயிருக்கிறது.

இந்தியாவில் சிங்கர் வியாபாரத்தை வளர்த்தவர் பம்பாயில் இருந்த நசர்வான்ஜி மெர்வான்ஜி படேல் என்ற பார்சி. லேசான காரியமில்லை. வேட்டி, துண்டு, சேலை என்று தையலே படாத துணியை உடுத்தும் நாட்டில் தையல் மெஷின் விற்க வேண்டும். கொங்குப் பக்கம் இன்னும் கஷ்டம். என் பூட்டி ரவிக்கை போட்டதே இல்லை. பின்கொசுவம் வைத்துச் சேலை கட்டிய அந்தத் தலைமுறைக் கிழவிகள் கடைசிவரை அப்படியே இருந்தார்கள். ரவிக்கையும் சட்டையும் பள்ளிக்கூட யூனிபாரமும் ஊருக்குள் நுழைந்த பிறகுதான் மெஷினுக்கு வேலை வந்தது. கோயமுத்தூர் ஒப்பணக்காரத் தெருவிலோ ஈரோட்டுக் கடைவீதியிலோ ஜவுளிக்கடைத் திண்ணையில் ஒரு தையற்காரர் மெஷினோடு உட்கார்ந்திருப்பார். துணியைக் கடையில் எடுத்து, அளவைத் திண்ணையில் கொடுத்துவிட்டுப் போகலாம்.

அம்மாவைப் பெற்ற என் அமுச்சியின் வீட்டுக்கு, பெருந்துறைப் பக்கத்துத் தோட்டத்துச் சாளைக்கு, மெஷின் வந்தது பருத்தி விற்ற காசில். மீதி தவணை. தவணைக்கு மெஷின் கொடுக்கும் வழக்கமும் சிங்கர் கம்பெனியிலிருந்து வந்ததுதான். சிங்கரின் கூட்டாளி எட்வர்ட் கிளார்க் என்ற வக்கீல் 1856-லேயே தொடங்கி வைத்தது. வந்தது 15கே வகை. முன்பக்கம் வலது ஓரத்தில் அடித்திருக்கும் நம்பர் 'ஈஎஃப்' என்று தொடங்குகிறது. 1949-50 வாக்கில் கில்போவியில் செய்தது என்று அர்த்தம். அதே மெஷினில் 'ஒய்' என்று இருந்தால் 1920-களுக்கும் 30-களின் நடுவுக்கும் இடையில். எழுத்தைப் பார்த்து வயது சொல்வது மாட்டுக்குப் பல்லைப் பிடித்துப் பார்ப்பது போலத்தான்.

இந்த 15கே மெஷினைத்தான் இந்தியா பிற்பாடு அப்படியே பார்த்துச் செய்துகொண்டது. கல்கத்தாவில் ஜெய் இன்ஜினியரிங் 'உஷா'வைச் செய்தது. இறக்குமதி இறுகிய பிறகு உஷாவும், லூதியானாப் பட்டறைகளிலிருந்து வந்த ரீட்டா போன்றவையும்தான் நம் வீடுகளுக்கு வந்தன. வரதட்சிணைப் பட்டியலில் கட்டில், பீரோ, மெஷின் என்று மூன்றாவதாக நின்றது பெரும்பாலும் உஷா. ஆனால் மூடியைக் கழற்றி உள்ளே பார்த்தால் எல்லாம் ஒரே வயிறு. சிங்கர் பாபின் உஷாவுக்குப் பொருந்தும், உஷா பாபின் கேஸ் ரீட்டாவுக்குப் பொருந்தும். எந்த ஊர்ச் சந்தையிலும் உதிரி கிடைக்கும். மெஷின் எழுபது வருஷம் தாக்குப்பிடித்ததற்கு ஸ்காட்லாந்து இரும்பை மட்டும் காரணம் சொல்லக்கூடாது. நகல் எடுத்தவர்களுக்கும் பாதிப் பங்கு உண்டு.

பெரிய மெஷினை நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தது கரூரில். பஸ் பாடி கட்டும் பட்டறைகளை ஒட்டி இருக்கும் குஷன் கடை ஒன்றில், கதவோரமாக ஒரு 31கே. தங்கச் சித்திரம் எதுவும் இல்லை. வீட்டு மெஷினுக்குப் பூவும் கொடியும் வரைந்து அனுப்பிய கம்பெனி, இதற்கு வெறும் கறுப்புச் சாயத்தைப் பூசிவிட்டது. அதுவும் கைபடும் இடமெல்லாம் தேய்ந்து இரும்பு பளபளத்தது. கழுத்து நீளம், தலை உயரம். அழுத்தும் காலைத் தூக்கினால் வீட்டு மெஷினில் நுழையாத கனம் இதில் நுழையும். அடியில் கிளட்ச் மோட்டார், தைக்காத நேரத்திலும் உர்ரென்று சுற்றிக்கொண்டே இருந்தது.

கடைக்காரர் ஊசியைக் கழற்றி என் உள்ளங்கையில் வைத்தார். 21-ஆம் நம்பர். வீட்டில் 14, கூடினால் 16 போடுவோம். நம்பரை விட எனக்குப் பிடித்தது அதன் தண்டு. வீட்டு ஊசியின் தண்டு ஒரு பக்கம் தட்டையாகச் சீவியிருக்கும், தப்பாக மாட்டினால் பெரும்பாலும் ஏறாது. இது முழு உருண்டை. எந்தப் பக்கம் திருப்பினாலும் ஏறும், சரியான பக்கம் ஒன்றுதான். ஊசியில் நூல் படுத்துக்கொள்ள நீளமாக ஒரு காடி ஓடும். அது இடது பக்கம் பார்க்க வேண்டும். கொஞ்சம் திரும்பினாலும் தையல் விட்டு விட்டு விழும். அவர் விளக்கைப் போடவில்லை, குனியவும் இல்லை. கட்டைவிரல் நகத்தால் காடியைத் தடவிப் பார்த்துத் திருகை முடுக்கினார். வீட்டு மெஷின், தைப்பவருக்குத் தெரியாது என்று நினைத்துச் செய்த மெஷின். இது தெரிந்தவருக்குச் செய்தது. கனம், விலை, வேகம் என்று ஆயிரம் வித்தியாசம் சொல்லட்டும், எனக்கு அந்த ஊசித் தண்டில்தான் வித்தியாசம் தெரிந்தது.

ரெக்சின் இரண்டு மடிப்பு, நடுவில் ஸ்பாஞ்சு, ஓரத்தில் பைப்பிங். ஊசி இறங்கி, ஏறத் தொடங்கும் அந்த இம்மியில் அடிப்பக்கம் நூல் ஒரு சின்ன வளையமாகப் பிதுங்கும். கொக்கி வந்து அந்த வளையத்தைப் பிடித்து, பாபினைச் சுற்றித் தாண்டவிட்டு, திரும்பிப் போய் நிற்கும். சுற்றிக்கொண்டே இருக்காது, ஊஞ்சல் மாதிரி போய் வரும். 15கே வயிற்றுக்குள்ளும் இதே ஊஞ்சல்தான். அக்காவும் தங்கையும் என்று சொன்னது அதனால். இந்த ஊஞ்சலால்தான் 31கே நிமிடத்துக்கு இரண்டாயிரத்துச் சொச்சம் தையலோடு நின்றுவிடுகிறது. முழுதாகச் சுழலும் கொக்கி வைத்த இன்றைய ஜூக்கி ஐயாயிரத்தைத் தொடும். "ஏன் மாத்தலீங்களா?" என்றேன்.

"ரெக்சினுக்கு ஸ்பீடு எதுக்குங்க? வெரசா ஓட்டுனா ஊசி சூடாயி நூலு உருகிருமுங்க. இதுல நின்னு நிதானமா போலாமுங்க."

பேசிக்கொண்டே ஒரு சீட் உறையை முடித்து மூலையில் எறிந்தார். அங்கே ஏற்கனவே இடுப்புயரத்துக்கு உறைகள் கிடந்தன.

இந்தக் குடும்பத்தில் இன்னொரு உறவும் உண்டு. 29கே. தோல் வேலைக்காரர்களுடையது. குச்சிக் கை மாதிரி மெலிந்து நீண்ட அடிப்பாகம், அதன்மேல் ஷூவையே மாட்டிவிடலாம். கீழே பல் கிடையாது. அழுத்தும் காலே தோலைக் கவ்வி இழுக்கும், அதை எந்தப் பக்கமும் முழு வட்டமாகத் திருப்பலாம். கொங்கு நாட்டில் மிகப் பெரிய தோல் தையல் வேலை ஒரு காலத்தில் செருப்பே அல்ல, கவலை இறைக்கும் பறி. கிணற்றிலிருந்து மாடு பூட்டி இழுக்கும் அந்தத் தோல் பையை அருந்ததியர்கள் கையாலேயே தைத்தார்கள். அந்த வேலை மெஷினுக்கு வருவதற்கு முன்பே மின்சார மோட்டார் வந்துவிட்டது. 1930-களின் தொடக்கத்தில் பைக்காராவிலிருந்து இறங்கிய மின்சாரம், கிணற்று மேட்டில் பறியை ஓய்வுக்கு அனுப்பியது. அதே மின்சாரம்தான் திருப்பூரில் தையல் மெஷினைக் காலிலிருந்து விடுவித்தது.

நீள மேஜை. அடியில் தலையிலிருந்து வால்வரை ஒரே இரும்புத் தண்டு. ஒரு முனையில் மோட்டார். மேலே எத்தனை மெஷினோ அத்தனை பெல்ட். இதற்குப் பெயர் பவர் டேபிள். மேஜைகள் போய் ஒவ்வொரு மெஷினுக்கும் தனி மோட்டார் வந்து எவ்வளவோ காலமாகிவிட்டது. கூலிக்குத் தைத்துக் கொடுக்கும் யூனிட்டுகளுக்கு மட்டும் இன்றும் பவர் டேபிள் என்றே பெயர். அவர்கள் சங்கம் பனியன் உற்பத்தியாளர் சங்கமான சைமாவோடு உட்கார்ந்து பீஸ் ரேட் பேசுவது இன்றும் பத்திரிகையில் வருகிறது. திருப்பூருக்கு இது ஒரு வழக்கம் போல. பொருள் போய்விடும், பெயர் வேலையில் தங்கிவிடும்.

ஆனால் பனியனுக்கு முக்கியமானது சிங்கர் இல்லை. பின்னலாடை இழுத்தால் நீளும். சிங்கர் போடும் பூட்டுத் தையல் நீளாது, பட்டென்று விட்டுவிடும். அதனால் ஓரத்தை வெட்டிக்கொண்டே நூலைச் சுற்றிக் கட்டும் ஓவர்லாக்கும், மடித்த விளிம்பைப் படியத் தைக்கும் பேட்லாக்கும்தான் பனியனைப் பனியனாக்குபவை. ஓவர்லாக் அமெரிக்காவின் கனெக்டிகட்டில் மெர்ரோ கம்பெனியில் பிறந்து வளர்ந்தது. சிங்கருக்கு இங்கே கிடைத்தது ஓரமான வேலை. லேபிள் வைப்பது, பாக்கெட், காலர் வைத்த பனியனுக்குப் பட்டி. சாதாரண உள்பனியன் காலத்தில் ஒரு கம்பெனிக்கு ஒன்றிரண்டு சிங்கர் போதும்.

அதை மாற்றியது ஏற்றுமதி. 1978 வாக்கில் வெரோனா என்ற இத்தாலிக்காரர் பம்பாய் வியாபாரிகள் வழியாகத் திருப்பூருக்கு வந்து வெள்ளை டி-ஷர்ட் கேட்டார் என்பது ஊர் திரும்பத் திரும்பச் சொல்லும் கதை. பின்னால் ஐரோப்பாவின் பெரிய கடைகள் வந்தன. காலர், பட்டி, பை, ஜிப், லேபிளுக்கு மேல் லேபிள். ஒவ்வொன்றும் சிங்கர் வேலை. தோட்டத்தை விட்டு வந்து டெய்லராக உட்கார்ந்தவர்கள் நாலு மெஷின் போட்டு, பத்தாக்கி, முதலாளி ஆனார்கள். இப்படி வந்த கவுண்டர்கள் தங்கள் வளர்ச்சிக்கு உழைப்பை மட்டுமே காரணமாகச் சொல்வதைப் பற்றி ஷரத் சாரி என்ற ஆய்வாளர் 2004-ல் ஒரு புத்தகமே எழுதினார். உழைப்பு என்று முதலாளி சொல்லும்போது யார் உழைப்பு என்று கேட்பது அந்தப் புத்தகம். இன்றும் கல்யாண வீட்டில் இரண்டு கம்பெனிக்காரர்கள் பார்த்துக்கொண்டால் முதல் கேள்வி, "எத்தன மெஷினுங்க ஓடுது?"

வெரோனா வந்த காலத்தில் கில்போவி முடிந்துகொண்டிருந்தது. ஆலையின் அடையாளமாக நின்ற மணிக்கூண்டை 1963-லேயே இடித்துவிட்டார்கள். 1980 ஜூனில் கேட்டைப் பூட்டினார்கள். ரயில் நிலையத்துக்கு மட்டும் இன்றும் சிங்கர் என்று பெயர் இருக்கிறது. பெயர்ப்பலகையில் சிங்கர், இறங்கினால் ஆலை இல்லை. திருப்பூர்ச் சுவரொட்டிக்கும் அந்தப் பலகைக்கும் நல்ல பொருத்தம். 2021-22-ல் திருப்பூரின் பின்னலாடை ஏற்றுமதி 33,000 கோடி ரூபாயைத் தாண்டியது. அதில் சிங்கர் டெய்லர் கை படாத உருப்படி எத்தனை இருக்கும்?

வீட்டு மெஷின், கம்பெனி மெஷின் என்று சிங்கர் கேட்டலாக் இரண்டு பாகமாகப் பிரித்து வைத்திருந்தது. கொங்கு நாட்டில் அந்தக் கோடு ஒட்டவே இல்லை. திண்ணைத் தையற்காரர் வீட்டு 15கே வைத்துக்கொண்டு காலையிலிருந்து இரவு வரை மிதித்தார். எட்டு மணி நேரம் ஓட்டச் செய்த மெஷின் இல்லையே என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை. அந்தப் பக்கம், கம்பெனி ஏலத்தில் கழித்துவிட்ட ஜூக்கி, மேஜையோடு வண்டியேறி ஊர்ப்புறத்து வீட்டுத் திண்ணைக்கு வந்து இறங்குகிறது. சத்தியவாணி முத்து அம்மையார் பெயரில் அரசு இலவசமாகக் கொடுக்கும் தையல் மெஷினும் வீட்டு மெஷின்தான், வாங்குபவர்கள் அதைப் பிழைப்புக்கென்றே வாங்குகிறார்கள்.

2012-ல் கொங்கு நாடு பாதி நாள் இருட்டில் கிடந்தது. மோட்டார் வைத்த மெஷின்கள் எல்லாம் ஊமையாகிவிட்டன. அப்போது அமுச்சி வீட்டுக்குப் போயிருந்தேன். அமுச்சி போய்ச் சேர்ந்து வருஷங்கள் ஆகியிருந்தன. அந்த 15கே மெஷினுக்குப் பக்கவாட்டில் குட்டி மோட்டார் வைத்து அத்தை ஈரோட்டுக்கு இன்ஸ்கர்ட் தைத்துக்கொண்டிருந்தார். கரண்ட் போன அன்று மோட்டார் பெல்ட்டைக் கழற்றி ஆணியில் மாட்டினார். பரண்மேல் இருந்த பழைய தோல் பெல்ட்டை எடுத்து விளக்கெண்ணெய் தடவி, சக்கரத்தில் மாட்டி மிதிக்கத் தொடங்கிவிட்டார். அந்தச் சத்தத்தை நான் மறந்தே போயிருந்தேன்.

போன மாதம் நம்பர் பார்க்கப் போனபோது மோட்டார் மறுபடி ஓடிக்கொண்டிருந்தது. மிதிக்கட்டை மேல் இன்ஸ்கர்ட் துண்டுகள் குவிந்திருந்தன. சிங்கர் என்ற தங்க எழுத்தில் முதல் இரண்டு எழுத்தைத் துணி உரசி உரசித் தின்றுவிட்டது. குனிந்து 'ஈஎஃப்' எழுத்தைச் செல்போன் வெளிச்சத்தில் படித்துக்கொண்டிருந்தேன்.

"பாத்தாச்சா கண்ணு? பாத்துட்டீன்னா அந்தப் பக்கம் தள்ளி உக்காரு. திங்கக்கெழம சாயந்தரம் மூட்ட எடுக்க ஆளு வந்துரும். இன்னும் நாலு டசன் கெடக்குது."

ஈரோட்டு ஜவுளிச் சந்தை திங்கட்கிழமை இரவு கூடும். நான் தள்ளி உட்கார்ந்து, தைத்து விழுந்தவற்றில் பிசிறு வெட்டத் தொடங்கினேன்.